தாழ் சுருதிக்கு நரம்பு தேர்தல்

இசையிற் பயிற்சி இல்லாதாரும் உயர்ந்த ஓசையை எளிதிற் கண்டுகொள்வர். குழலின் ஒலியும் வயலின் ஒலியும் தாமே வந்து செவியைத் தொடும். தாழ்ந்த ஓசையோ அத்தன்மையதன்று. அஃது ஒலித்துக்கொண்டிருக்குங்கால் பெரும்பாலோர் அதனைக் கருதுவதில்லை. அது நின்றபின்னரே பாட்டில் ஏதோ ஒன்று குறைந்தது என்று உணர்வர். பழந்தமிழர் ஓசையின் நிலைகளை வலிவு, சமன், மெலிவு என மூன்றாக வகுத்தனர். மெலிவு என்னும் பெயரைக் கேட்போர், தாழ்ந்த ஓசை வலியற்றது போலும் என்று எண்ணக்கூடும். ஒரு நரம்புக்கருவியில் அம்மெலிவைத் திருந்தப் பிறப்பிக்க முயன்றவர்க்கே, அதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பது புலனாகும். பேஸ் கிட்டார் என்னும் கருவியை வழக்கத்தினும் மிகத் தாழ்ந்த சுருதியில் நிறுத்துவதற்கு நரம்பின் நீளத்தையும் பருமனையும் எங்ஙனம் தேர்வது என்பதைப் பற்றி, யாம் கற்றனவும் செய்தனவுமாகிய சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது கரிய பொருளொன்று நீரோடு வெளிப்பட்டதும், அதனைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளால் பழுப்பு நிலக்கரி உண்டென்பது தெளிந்ததும் பலரும் அறிந்த செய்திகள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. இவ்வேலைகளுக்காக நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்த மக்கள், வட்டங்களாகப் பிரிக்கப்பெற்ற நகரியத்திற் குடியமர்ந்தனர். கோயில்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் அவர்களோடு வளர்ந்தன. வேலைக்காலம் முடிந்தவுடன் நிறுவனத்தின் வீட்டை விட்டு நீங்கவேண்டும் என்பது முறை. ஆகவே ஓய்வு பெற்ற முதியோர் பலர் மந்தாரக்குப்பம், வடலூர் முதலிய அண்டை ஊர்களில் வீடு கட்டிக்கொண்டனர். எனினும், ஞாயிறுதோறும் பேருந்தேறி, இளமையில் தாம் பாடிய அதே ஆலயத்திற்கே வருகின்றனர். எம் பாடகர் குழுவின் சரிபாதி இவர்களே.

இம்முதியோர்தாம் எமக்கு இவ்வாராய்ச்சியைத் தந்தவர்கள். பாமாலைப் பாடல்களையும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளையும் நெடுங்காலமாக யாம் இரண்டரைக் கட்டையிலும் மூன்று கட்டையிலும் பாடிவந்தோம். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கத்தை அறியாதார் எவருமிலர்; மேனாட்டார் ‘சி’ என்பதை நாம் 1 கட்டை என்றும், அவர் ‘இ’ என்பதை 3 கட்டை என்றும் வழங்குகின்றோம். ஆண்டுகள் செல்லச் செல்ல, முதியோர்க்கு மேற்சுரங்கள் எட்டவில்லை. உயர்ந்த இடம் வரும்போதெல்லாம் பின்வரிசையில் வாய்கள் மூடிக்கொண்டன. அதனைக் கண்ட பாடகர் தலைவர், பாடல்கள் அனைத்தையும் 1 கட்டைக்கு இறக்கினார். மின்னார்மோனியம் வாசிப்பவர்க்கு அது விசையொன்றை அழுத்தும் வேலையே. இடர் வந்தது பேஸ் கிட்டாருக்கு. அதனை வாசிக்கும் பொறுப்போ எம்முடையது.

இக்கருவியின் நான்கு கம்பிகளுள் மிகத் தாழ்ந்தது ‘இ’ சுருதியில், அஃதாவது 3 கட்டையில் நிற்பது, நொடிக்கு 41.2 அதிர்வு. இதற்குக் கீழே கருவியில் ஒலியில்லை. பாட்டின் ஆதாரம் 1 கட்டைக்கு இறங்கியபோது, அதற்குரிய ஆழ்ந்த சட்சமம், 32.7 அதிர்வுடையது, எம் கருவியின் எல்லைக்குக் கீழே போய்விட்டது. மேலுள்ள சட்சமத்தை வாசிக்கலாம், வாசித்தோம். ஆயினும் அது பாடுவோர் குரல்களுக்கு மிக அண்மையில் நின்று, அவற்றோடு கலந்து மறைந்தது. சுரங்கத்தில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த பெரியவரொருவர் ஆராதனை முடிந்தபின் எம்மிடம் வந்து, “தம்பி, பாட்டை இறக்கிவிட்டீர்கள், காலூன்றத் தரையைக் காணோமே” என்றார். குழுவின் சேமிப்பில் ஒரு சிறு தொகை இருந்தது. ஐந்து கம்பியுடைய புதிய கருவி வாங்க அது போதாது. அத்தொகையைக் கொண்டு அப்பெரியவர்க்குத் தரையொன்று அமைத்துத் தருதல் கூடுமா என்பதே எம்முன் நின்ற வினா.

நரம்பின் ஒலி எதனால் உயர்கின்றது, எதனால் தாழ்கின்றது என்பதனைப் பிரெஞ்சுத் துறவியாகிய மெர்சேன் என்பார் 1636-ல் வெளியிட்ட நூலில் விதிகளாகத் தொகுத்தார். அவை மூன்று. நீளம் இருமடங்கானால் அதிர்வு பாதியாகும். இழுவிசை நான்கிலொன்றாகக் குறைந்தால் அதிர்வு பாதியாகும். ஓரடி நரம்பின் எடை நான்கு மடங்கானாலும் அதிர்வு பாதியாகும். ஆகவே ஒரு கருவியின் சுருதியை இறக்க விரும்புவார்க்கு வழிகள் மூன்றே: நரம்பைத் தளர்த்தல், நீட்டுதல், கனக்கச் செய்தல். இம்மூன்றுள் முதலாவது செலவற்றது. முறுக்காணியைச் சிறிது திருகினால் போதும். ஏனைய இரண்டும் விலை கேட்பன.

செலவற்ற வழியையே முதலில் ஆராய்ந்தோம். கணக்கு இது: 41.2 அதிர்வை 32.7 ஆக்கினால் இழுவிசை முன்னையதில் 100-க்கு 63 பங்காகக் குறையும். எம் ஆலயத்துக் கருவியோ குறுகிய வகையினது. அதன் நரம்பு அதிரும் நீளம் 30 அங்குலம். வழக்கமான 34 அங்குலக் கருவியில் அதே கம்பி அதே சுருதியில் நிற்பதைக் காட்டிலும் இதில் இழுவிசை 100-க்கு 22 பங்கு குறைவு. இரண்டு குறைவும் சேர, 1 கட்டைக்குத் தளர்த்திய எம் கம்பியின் இழுவிசை, நல்ல கருவியொன்றன் மூன்று கட்டைக் கம்பியின் இழுவிசையில் பாதிக்கும் குறைந்துவிடும். சோதித்துப் பார்த்தபோது செவியும் கணக்கை உறுதிசெய்தது. மீட்டிய உடனே ஓசை சற்று உயர்ந்து எழுந்து, பின் தள்ளாடி இறங்கிற்று; கம்பி அகன்று ஆடி மெட்டுகளின்மேல் மோதி இரைந்தது. சுருதி இதுவென்று சொல்லும் நிலை அதற்கு இல்லை. தளர்த்துதல் எக்காலும் தவறென்பது எம் கருத்தன்று. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) காலமுதல் கருநாடக இசையில் வழங்கும் வயலின், மேனாட்டாரினும் தாழ்ந்த சுருதியிலேயே சேர்க்கப்படுகின்றது. கமகத்திற்கு அத்தளர்ச்சி துணையும் செய்கின்றது. ஆயினும் அங்கே இடமுண்டு. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பிக்குக் கீழே அத்தகைய இடமில்லை.

எனவே நீளமும் கனமும் எஞ்சின. இவற்றுள் எதனைக் கொள்வது என்னும் வினா புதியதன்று. தமிழ்நாட்டிலேயே இதற்கு இருவேறு பழைய விடைகள் உண்டு. முதலாவது யாழ். விபுலாநந்த அடிகள் இயற்றி, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் 1947-ல் வெளியிட்ட யாழ்நூலைப் புரட்டியோர், வில்லின் வடிவிலமைந்த அக்கருவிகளைப் படமாகக் கண்டிருப்பர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்து, பின் எம்மூர்க்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அடிகள், மறைந்துபோன ஒரு கருவியைக் கணக்கின் துணைகொண்டு மீட்டெடுக்க முயன்றமை நம் போன்ற மாணவர்க்கெல்லாம் ஊக்கமளிப்பது. வில்யாழின் அமைப்பில் நரம்புகள் ஒரே நீளமுடையன அல்ல. வளைந்த கோட்டுக்கும் பத்தருக்கும் இடையே ஒன்று நீண்டும் அடுத்தது குறுகியும் நிற்கும். தாழ்ந்த சுருதிக்கு நெடிய நரம்பு, உயர்ந்த சுருதிக்குக் குறிய நரம்பு என ஒவ்வொன்றும் தனக்கேற்ற நீளத்தைப் பெறுகின்றது.

இரண்டாவது விடை வீணை. தஞ்சாவூர் வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மேருவிலிருந்து குதிரை வரை நான்கும் ஒரே நீளம். இருபத்துநான்கு மெட்டுகளும் நான்குக்கும் பொது. ஆகவே இங்கே நீளத்தால் வேறுபாடு செய்ய வழியில்லை. சாரணி சட்சமமாயின், அனுமந்தரம் அதற்கு மிகக் கீழுள்ள பஞ்சமம். அதிர்வு எட்டில் மூன்று பங்கு. இரண்டும் ஒத்த இழுவிசையில் நிற்கவேண்டுமாயின், அனுமந்தரத் தந்தி சாரணியைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு கனக்கவேண்டும். அதனாலன்றோ மேல்தந்திகளுக்கு எஃகும், கீழ்த்தந்திகளுக்கு அதனினும் அடர்ந்த பித்தளையும், இக்காலத்தில் சுற்றுக்கம்பியும் பூட்டுகின்றனர். யாழ் நீளத்தால் ஆழ்ந்தது. வீணை கனத்தால் ஆழ்ந்தது என்று சுருங்கச் சொல்லலாம்.

ஐரோப்பாவிலும் இவ்வரலாறு இவ்வாறே நடந்தது. குடலால் முறுக்கிய நரம்பைத் தடிப்பாக்கினால் அது விறைத்து மங்கலாய் ஒலித்தது. அதனால் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், தாழ்ந்த சுருதி வேண்டியோர் ஆளுயரக் கழுத்துடைய தியோர்போ என்னும் கருவியைச் செய்தனர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மெல்லிய நரம்பின்மேல் உலோக இழையைச் சுற்றிக் கனமேற்றும் கலை தோன்றிற்று. உள்ளே மெல்லிய கரு, வெளியே கனத்த சுற்று. இழுவிசையைத் தாங்குவது கரு; எடையைத் தருவது சுற்று. இந்நுட்பம் வந்தபின்னரே குறுகிய கருவிகளிலும் ஆழ்ந்த ஓசை கூடுவதாயிற்று. நின்றபடி வாசிக்கும் பெரிய டபிள் பேஸ், ஏறக்குறைய 42 அங்குல நரம்புடையது. அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர் 1951-ல் வெளியிட்ட பேஸ் கிட்டார், மின்சாரத்தின் துணையால் அதே சுருதியை 34 அங்குலத்தில் அடக்கிற்று. அவ்வளவே இன்றுவரை பொதுவழக்காய் நிலைத்தது. தமிழர் செவிக்கு அதன் இனிமையைப் பெரிதும் உணர்த்தியவர் இளையராஜா அவர்கள் என்பதை யாம் கூறவேண்டுவதில்லை.

நீளத்தைக் கூட்டுவதன் பயன் பெரிது. 34 அங்குலத்தை 37 ஆக்கினால், அதே கம்பி அதே சுருதியில் 100-க்கு 18 பங்கு மிகுதியான இழுவிசை பெறும். ஆயினும் அதற்குக் கையால் விலை கொடுக்கவேண்டும். தலைப்பிலிருந்து முதல் மெட்டு வரையுள்ள இடைவெளி 30 அங்குலக் கருவியில் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர், 34-ல் 48, 37-ல் 53. இதனை ஒவ்வொரு சுரத்திற்கும் பெருக்கிப் பார்த்தால், சிறிய கையுடையார் படும் வருத்தம் விளங்கும். மேலும், நீண்ட கருவியில் மேற்கம்பிகள் தேவைக்கு மிஞ்சி இறுகும். இவ்விடரைத் தீர்க்க, கீழ்க்கம்பிக்கு நெடிய அளவும் மேற்கம்பிக்குக் குறிய அளவும் தந்து, மெட்டுகளை விசிறிபோல் சாய்த்து அமைக்கும் கருவிகள் உள. ரால்ஃப் நோவாக் என்னும் அமெரிக்கர் 1989-ல் இதற்கு உரிமைச்சான்று பெற்றார். கருத்து அதனினும் மிகப் பழையது. நம் யாழின் கோட்பாட்டை மெட்டுடைய கருவியிற் புகுத்தினாற் போல்வது அது.

இனிக் கனத்தின் விலையைக் கூறுவாம். கம்பி உறையின்மேல் 105 என்று அச்சிட்டிருப்பின், அது ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறாக்கியதில் 105 கூறு விட்டமுடையது என்று பொருள், ஏறக்குறைய 2.67 மில்லிமீட்டர். வழக்கமான மூன்று கட்டைக் கம்பி இது. கனம் ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுமாதலால், சிறிது தடித்தாலும் எடை விரைந்து ஏறும். ஆனால் தடித்த கம்பி வளைய மறுக்கும். முற்றும் வளைந்து கொடுக்கும் நரம்பில், மேலெழும் கிளையோசைகள் முதலோசையின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என முறையே நிற்கும். விறைத்த நரம்பிலோ அவை தத்தம் இடத்தினும் சற்று உயர்ந்து நின்று, முதலோசையோடு முரணும். நரம்பாக இராமல் இரும்புக்கோலாக ஒலிக்கத் தொடங்கும். இம்முரண் கருவின் விட்டத்தை நான்கு முறை பெருக்கிய அளவில் ஏறுவது. கரு பாதியாக மெலிந்தால் முரண் பதினாறில் ஒன்றாகும். நீளத்தின் வர்க்கத்தால் அது குறையும். ஆகவே தாழ் சுருதிக்குக் கம்பி தேர்பவர், உறையிலுள்ள எண்ணை மட்டும் நோக்குதல் போதாது. ஒரே விட்டமுடைய இரு கம்பிகளுள், மெல்லிய கருவும் பல அடுக்குச் சுற்றும் உடையதே தெளிவாக ஒலிக்கும். குதிரையின்மேல் படியும் நுனியில் சுற்றைக் குறைத்து மெலிவித்த கம்பிகளும் கிடைக்கின்றன. அவை அவ்விடத்தில் எளிதில் வளைவதால் நன்மை உண்டு.

இவ்வளவும் அறிந்தபின் எம் கணக்கைப் போட்டோம். மூன்று கட்டையில் 105 கம்பிக்குள்ள இழுவிசையை 1 கட்டையிலும் பெறவேண்டுமாயின், 34 அங்குலக் கருவிக்கு 132 அளவுள்ள கம்பி வேண்டும். 30 அங்குலமாயின் 150 அளவு வேண்டும்; குறுகிய நீளத்தில் அத்துணைத் தடிப்பு விறைப்பையே தரும். ஐந்து கம்பிக் கருவிகளுக்கென விற்கும் தொகுதிகளில், கடைசிக் கம்பி பெரும்பாலும் 130 அளவினது. அதனை 34 அங்குலக் கருவியில் 1 கட்டைக்குச் சேர்த்தால், இழுவிசை 100-க்கு 97 பங்கு வருகின்றது. வேண்டியதற்கும் கிடைப்பதற்கும் இத்துணை ஒற்றுமை அமைந்தது எமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. எனவே புதிய ஐந்து கம்பிக் கருவியைக் கருதுதல் விடுத்து, ஒருவர் வாசித்துக் கைமாற்ற விரும்பிய 34 அங்குல நான்கு கம்பிக் கருவியைக் குழுவின் தொகையால் வாங்கினோம். ஐந்து கம்பித் தொகுதியிலிருந்து மேற்கம்பியை நீக்கி, எஞ்சிய நான்கையும் பூட்டி, முறையே 1, 4, 6½, 2½ கட்டைகளில் சேர்த்தோம். பழைய குறுங்கருவி, பயிலும் சிறுவர்க்காயிற்று. சிறிய விரல்களுக்கு 43 மில்லிமீட்டர் இடைவெளியே பொருத்தம்.

பூட்டும்போது கருதத்தக்கன சில உள. முறுக்காணியின் துளையும் குதிரையின் துளையும் தடித்த கம்பியை ஏற்கின்றனவா என்று முன்னரே அளந்துகொள்ளவேண்டும். தலைப்பிலுள்ள கட்டையின் பள்ளத்தைச் சற்று அகலிக்கவேண்டிவரும். அராவியது மீளாதாதலின், சிறிது சிறிதாகவே அராவுதல் வேண்டும். தடித்த கம்பிக்குக் குதிரையிலுள்ள தாங்கியைப் பின்னே தள்ளினாலன்றி மெட்டுகளில் சுரம் பொருந்தாது. நான்கு கம்பிகளும் தனித்தனியே ஏறக்குறைய 15 முதல் 23 கிலோகிராம் எடைக்கு ஒப்பக் கழுத்தை இழுப்பனவாதலின், கம்பி மாறினால் கழுத்தின் வளைவையும் உள்ளே செல்லும் இரும்புக்கோலைத் திருகிச் சீர்செய்தல் வேண்டும்.

இவற்றோடு, நெய்வேலியார்க்கு நன்கு பழகிய ஓசையொன்றையும் கூறவேண்டும். அனல்மின் நிலையத்தின் பேருருளைகள் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழன்று தரும் மின்சாரம், நொடிக்கு 50 முறை அலைந்து ஓடுவது. ஒற்றைச் சுருளுடைய கிட்டாரின் காந்தம், சுவரில் ஓடும் கம்பிகளிலிருந்து அந்த 50-ஐயும் பற்றி முரலும். அது 49 அதிர்வுடைய 5 கட்டைச் சுரத்திற்குச் சற்று மேலே நிற்பது; 1 கட்டைப் பாட்டில் பஞ்சமத்தோடு உரசி, சுருதி கலைந்ததுபோல் தோற்றுவிக்கும். இரண்டு சுருளை எதிரெதிராய் இணைத்த காந்தமுடைய கருவியையே யாம் தேர்ந்தமைக்கு இது காரணம். எம்மூர் நாட்டுக்கு அளிக்கும் மின்சாரத்தை யாம் போற்றுகின்றோம். ஆயினும் அது பாடகர் குழுவிற் சேர்ந்து பாடவேண்டுவதில்லை.

நிற்க. எம் கல்லூரி விடுதியில் இக்கால மேனாட்டு இசையில் ஈடுபாடுடைய நண்பர் சிலர், எம் முயற்சியைக் கேட்டு, தாம் இதனினும் ஆழச் செல்ல விரும்புவதாகவும், நான்கரைக் கட்டையின் அடிநிலையாகிய 23.1 அதிர்வைப் பெற வழி கூறவேண்டும் எனவும் வினவினர். மனிதச் செவியின் கீழெல்லை ஏறக்குறைய 20 அதிர்வு. ஆகவே அவர் கேட்டது எல்லையோரத்து நிலம். வழக்கமான மூன்று கட்டைக் கம்பியை அவ்வளவு தளர்த்தினால் இழுவிசை 100-க்கு 31 பங்கே எஞ்சும். அதனை மீட்க, 34 அங்குலத்தில் 187 அளவுள்ள கம்பி வேண்டும். 37 அங்குலத்தில் 172 அளவு போதும். இங்கே கனம் ஒன்றையே நம்புதல் ஆகாது; நீளம் கட்டாயமாகின்றது. முன்னே யாம் நீளத்தைக் கூட்டாமல் தப்பித்தோம். அவர் தப்ப இயலாது. ஆகவே 37 அங்குலத்திற்குக் குறையாத, விசிறி மெட்டுடைய கருவியும், மெல்லிய கருவுடன் நுனி மெலிந்த கம்பியும் தேடுமாறு கூறினோம்.

அவர்க்கு மற்றொன்றும் கூறினோம். அது செவியைப் பற்றியது. நாம் கேட்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுட் பல, 50 அதிர்வுக்குக் கீழே விரைந்து வலியிழப்பன. அவ்வாறாயின் 23 அதிர்வை யார் கேட்பார்? நெதர்லாந்து அறிஞர் ஸ்கௌட்டன் 1940-ல் ஆராய்ந்து காட்டியது இது: முதலோசை இல்லையாயினும், அதன் கிளையோசைகள் முறையாக ஒலிக்குமாயின், மனம் அம்முதலோசையின் சுருதியையே உணர்கின்றது. 46, 69, 92 என்னும் கிளைகள் ஒழுங்காக நிற்பின், 23 தானே தோன்றும். நம் தம்புராவிலும் கிளையோசைகளின் செல்வமே சிறப்பு. தட்டையாய் வளைந்த அதன் குதிரையும், தந்தியின்கீழ் இடும் ஜீவா என்னும் நூலும் அவற்றை எங்ஙனம் பெருக்குகின்றன என்பதைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர். சி. வி. இராமன் அவர்கள் 1921-ல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார்கள். ஆகவே மிகத் தாழ்ந்த நரம்புக்கு இன்றியமையாதது கிளையோசைகளின் ஒழுங்கு. விறைத்த கம்பி அவ்வொழுங்கைக் குலைப்பதனால், ஆழத்தையே குலைத்துவிடுகின்றது. மெல்லிய கருவும் நெடிய நரம்பும் வேண்டுமென்பதன் உட்பொருள் இதுவே. இதனைக் கேட்ட நண்பருள் ஒருவர், தாம் வாங்க எண்ணியிருந்த மிகத் தடித்த கம்பியை விடுத்து, நெடுங்கருவிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியுள்ளார்.

எம் கருவி ஆலயத்தில் முதன்முறை ஒலித்த ஞாயிறன்று பாடல் கீர்த்தனையே. யாம் மிக வாசித்திலோம். அடியின் தொடக்கத்தில் சட்சமத்தை மீட்டி, அது தானே அடங்கும்வரை விட்டோம். ஒலி பெரிதாக இல்லை. மரத்தாலான இருக்கையில் அமர்ந்தோர் சிலர், அதனைக் காதாற் கேட்டதினும் உடம்பால் உணர்ந்ததாகப் பின்னர்க் கூறினர். இரண்டாம் சரணத்தில் பின்வரிசைக் குரல்கள் எழுந்தன. அவை இளையோர் குரலைத் தொடர்ந்து செல்லாமல், தாமே அடியெடுத்து நின்றன. முதற்பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை குழுவின் சுருதி இறங்கவில்லை என்று மின்னார்மோனியக்காரர் சான்று கூறினார். தரையைக் காணோம் என்ற பெரியவரோ எதுவும் கூறவில்லை. அன்று அவர் கடைசி அடிவரை பாடினார் என்பதை மட்டும் யாம் கண்டோம்.

கருவி வாங்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு, இவ்வனுபவத்தால் யாம் கூறத்தக்கது ஒன்றுண்டு. எவ்வளவு தாழ வேண்டும் என்பதை முதலிலும், யாருக்காகத் தாழ வேண்டும் என்பதை அதற்கும் முன்னரும் தெளிந்துகொள்ளுங்கள். மூன்று கட்டையிலிருந்து 1 கட்டை வரை இறங்க வேண்டுவோர்க்கு 34 அங்குலமும் 130 கம்பியும் போதும். அதற்கும் கீழே 7 கட்டை வரை செல்வோர் 35 அங்குலக் கருவியை நாடினும் குற்றமில்லை. அதனினும் ஆழ விரும்புவோர், நீளத்திற்கும் கம்பியின் உட்கருவிற்கும் கவலைப்படுக. தளர்த்துதல் மட்டுமே எவரையும் ஆழத்திற்குக் கொண்டுசெல்லாது. எம்மூர்ச் சுரங்கத்திலும் ஒரு டன் நிலக்கரிக்கு அதனினும் பன்மடங்கு மண்ணை அகழ்ந்து, கீழிருந்து பொங்கும் நீரை இரவும் பகலும் இறைத்தாலன்றிப் படுகையைத் தொடுதல் இயலாது. ஆழம் எங்கும் விலையுடையது. அவ்விலையை நீளத்தாற் கொடுப்பதா, கனத்தாற் கொடுப்பதா என்று தேர்வதே கருவியாளன் கடமை. கொடுத்தபின் கிடைக்கும் ஓசை மெலிவென்று பெயர்பெறினும், தன்மேல் நிற்கும் குரல்கள் அனைத்தையும் தாங்கும் வலியுடையது.